உத்தம மனஸ்தாபம்

எங்கள் குளச்சல் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை காண வேண்டிய நாள். மீறி வள்ளம் இறக்கினால் ஊர்க் கமிட்டியில் பதில் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 ஞாயிறாகப் போனது. வேறு கிழமையாக இருந்திருந்தால் ஆம்பிளைகளில் எத்தனையோ பேர் ஆழக்கடலில் இருந்திருப்பார்கள். அங்கே சுனாமி வள்ளத்தை லேசாகத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். கரைக்கு வந்த பிறகுதான் அது ஆளுயரத்துக்குமேல் எழும்பும். ஆண்டவர் கட்டளையைக் காத்ததால் செத்தார்கள் என்று குளச்சலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைக்காதவர்களும் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

அன்று திருக்குடும்பத் திருவிழா. காலைப் பூசை முடிந்து நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வந்தது தண்ணீர் என்றே முதலில் பிடிபடவில்லை. கருமணலை வாரிக்கொண்டு, வள்ளமும் கட்டிலும் வேலிப்படலுமாக, கறுப்பாக வந்தது. ஓடினவர்களை ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில், 1860களில், படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய கால்வாய். எங்கள் காலத்தில் அது வெறும் சாக்கடை. அதில் விழுந்தவர்களைச் சேறும் மணலும் மூடின. என் தம்பியை மறுநாள் அங்கிருந்துதான் எடுத்தார்கள்.

அவன் சிப்பி குளிக்கிறவன். பாறையடியில் மூழ்கிச் சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு வருகிற வேலை. நல்ல உழைப்பாளி, நல்ல குடிகாரன். மீனில் கோயிலுக்குக் கொடுக்க வேண்டிய தெறிப்புக் காசு விஷயமாகக் கமிட்டிக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு, கோயில் படி ஏறாமல் சில வருஷம் ஆகியிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டும் என்பது திருச்சபைக் கட்டளை. உபதேசியார் மகனே அதை மீறுகிறான் என்று ஊரில் பேச்சு. ஆம், எங்கள் அப்பா உபதேசியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்.

காணிக்கை மாதா கோயில் வளாகத்தில் ஜேசிபி குழி தோண்டியது. பெட்டிக்கு எங்கே போவது? பாய், போர்வை, கிழிந்த வலை, கிடைத்ததில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தூக்கி வந்தவர்களில் முஸ்லிம் தெருப் பையன்களும் இருந்தார்கள். டீச்சர் என்பதால் என் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்துப் பெயர் எழுதச் சொன்னார்கள். பெயர், தகப்பன் பெயர், பங்கில் எந்த அன்பியக் குழு. பெயர் தெரியாதவர்களுக்குச் சட்டை நிறம், காதில் கம்மல் உண்டா இல்லையா. பங்குச் சாமியார் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனார். ஆளுக்கொரு செபம் சொல்ல நேரமில்லை. வரிசைக்கு ஒரு செபம், அதற்குமேல் பிளீச்சிங் பவுடர்.

எழுதிக்கொண்டே வந்தவளுக்கு ஓர் இடத்தில் கை நின்றது. மரியாயின் சேனைத் தலைவியாக இருந்த ஒருத்திக்குப் பக்கத்தில், கோயிலில் கலியாணம் முடிக்காமல் ஒருத்தனோடு குடும்பம் நடத்தியதற்காக பூசையில் நற்கருணை கொடுக்காமல் விலக்கி வைத்திருந்த பெண்ணைக் கிடத்தினார்கள். சாதாரண நாளில் அவள் செத்திருந்தால் ஒரு வாரத்துக்கு வழக்கு நடந்திருக்கும். தூக்கில் தொங்கியவர்கள், விலக்கப்பட்டவர்கள், ஞானஸ்நானம் பெறாத சிசுக்கள் எல்லாருக்கும் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் தெம்மாடிக்குழி என்று ஓர் இடம் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் இருந்தது. 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்தவர்களுக்கு இருந்த அடக்கத் தடையை எடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் மனசிலிருந்து எடுக்கவில்லை. அன்று ஜேசிபி தோண்டிய குழியில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இதை இரக்கம் என்று சொல்லலாமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். நாற்றமும் அவசரமும்தான் அப்படிச் செய்ய வைத்தன. ஆனால் செய்துவிட்டோம், பிறகு யாரும் அதைப் பிரித்துப் போட முடியவில்லை.

அந்த வளாகத்தில் 414 பேர். பக்கத்துக் கொட்டில்பாட்டில் 199, மணக்குடியில் 118.

தம்பியைக் கொண்டுவந்தபோது அம்மா அழவில்லை. முகத்து மணலைத் துடைக்காமல் நேராகக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். கார்மேல் மாதா உத்தரியத்தைத் தேடினாள். உத்தரியம் போட்டு மரித்தவன் நரகத்துக்குப் போக மாட்டான் என்பது அவள் தலைமுறைக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. கழுத்தில் ஒன்றும் இல்லை. அலை அறுத்துக்கொண்டு போனதா, அவனே எப்போதோ கழற்றி வைத்தானா? அரைஞாண் கயிறு மட்டும் இடுப்பில் அப்படியே இருந்தது.

நாங்கள் நிவாரண முகாமில் இருந்தபோது வெளியூரிலிருந்து ஒரு சபைக்காரர்கள் வந்தார்கள். பிஸ்கட் கொடுத்துவிட்டு மெகாஃபோனில் பிரசங்கம் வைத்தார்கள். நோவா காலத்து வெள்ளம், சோதோமின் அக்கினி, கடலோரத்துக் குடி, சுரூப வணக்கம். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நம் தியானப் பிரசங்கிகளும் இதைத்தானே கொஞ்சம் மெதுவாகச் சொல்லி வளர்த்தார்கள்! அதே நேரத்தில் வேளாங்கண்ணியில் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, புதுமை என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு வெளியே அத்தனை யாத்ரீகர்கள் செத்துக் கிடந்தார்கள். மாதா கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு, கும்பிட வந்தவர்களை விட்டுவிட்டாள் என்றா சொல்ல வேண்டும்?

பிரசங்கக்காரருக்குப் பதில் சொன்னது அப்பாதான், அவர் போன பிறகு, எங்களிடம். லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். முகாமில் எல்லாருக்கும் ஓர் ஆறுதல். நான் வேண்டிக்கொண்டேன், அப்பா அதோடு நிறுத்தட்டும் என்று. அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்று அடுத்தாற்போல் இருப்பதையும் சொன்னார். அதற்குப் பின்னால் வரும் அத்திமரத்தையும் சொன்னார். மூன்று வருஷமாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறான் முதலாளி. இந்த ஒரு வருஷம் விடுங்கள், கொத்தி எருப் போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். தீர்ப்பும் இரக்கமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சரிதான். ஆனால் தம்பிக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லையே என்று கேட்க என் நாக்கு எழும்பவில்லை.

பங்குச் சாமியார் அம்மாவைத் தேற்ற வந்தபோது ஆர்ஸ் ஊர்ப் பங்குத்தந்தை வியான்னியைப் பற்றிச் சொல்லப்படும் கதையைச் சொன்னார். புருஷன் ஆற்றில் குதித்துச் செத்துப்போக, அவன் நரகத்தில் இருப்பான் என்று உடைந்துபோயிருந்த பெண்ணிடம், பாலத்திலிருந்து தண்ணீரைத் தொடுவதற்குள் மனஸ்தாபப்பட அவனுக்கு நேரம் இருந்தது என்றாராம் அவர். அம்மா கதையை முழுசாகக் கேட்டாள். சாமியார் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

“மக்ளே, உனக்க வாட்சப் பாரு.”

மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்ணை மூடினாள். உதடு அசையவில்லை, தொண்டை மட்டும் அசைந்தது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. விரலைத் தூக்கினாள்.

“உத்தம மனஸ்தாப மந்திரம் முழுக்கச் சொல்லியாச்சு. எவ்வளவு ஆச்சு?”

அரை நிமிஷத்துக்கும் குறைவு என்றேன்.

“நான் கிழவி. அவன் சிப்பி குளிக்கப்பட்டவனாக்கும். ஒரு மூச்சுல இத நாலு தடவ சொல்லலாம்.”

அன்று ராத்திரி அவள் தூங்கினாள். உத்தம மனஸ்தாபம் என்றால் நரகத்துக்குப் பயந்து வருகிற துக்கம் இல்லை, கடவுளை நோகடித்தோமே என்று அன்பினால் வருகிற துக்கம். பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாதபோது, செய்யும் எண்ணமிருந்தால் அதுவே சாவான பாவத்தையும் போக்கும். இதை ஊருக்குப் படிப்பித்த அப்பா அம்மாவின் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. “தண்ணிக்குள்ள சாகப் போறவனுக்கு வரது பயம், அன்பு இல்ல” என்றார். ஆனால் அதை என்னிடம்தான் சொன்னார், அவளிடம் சொல்லவே இல்லை. ஆத்துமப் பூசைக்கு ஒவ்வொரு நவம்பர் 2க்கும் முதல் ஆளாகப் பணம் கட்டியதும் அவர்தான்.

2007இல் வத்திக்கான் இறையியல் குழு ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகளுக்கும் மீட்பு உண்டு என்று நம்பக் காரணம் இருப்பதாக ஓர் ஆவணம் வெளியிட்டது. பேப்பரில் வந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோயில் வளாகத்துக் குழியில் புதுவருஷத்தில் ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்திருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையும் கிடந்தது. “இதுக்கு இவ்வளவு நாளா?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

தீர்ப்பே இல்லை என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நிவாரணப் பட்டியலில் செத்தவர்களின் பெயரை வைத்துக் காசு பார்த்தவர்களை நேரில் கண்டவர்கள் நாங்கள். அப்படி ஒரு ஆள், இல்லாத உறவைச் சொல்லி ஓர் அநாதைப் பிள்ளைக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டவன், நன்றாகத்தான் இருந்தான். அவனுக்கு நரகம் உண்டா இல்லையா என்று ஒருநாள் அப்பாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவனும் சாகும் நேரத்தில் மனஸ்தாபப்பட்டால் ஆண்டவர் மன்னிக்கத்தானே வேண்டும், நல்ல கள்ளனை மன்னிக்கவில்லையா என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே யோசித்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

“மன்னிக்கட்டும். முதல்ல அந்தப் பணத்தத் திருப்பிக் குடுத்துட்டு, மூச்சடக்கப் படிக்கட்டும்.”