எந்தப் பக்கம் விழுந்துச்சு?

2023 ஏப்ரல் 20. டெக்சாஸின் போகா சிகாவிலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் முதல்முறையாக முழு உருவத்தோடு கிளம்பியது. நான்கு நிமிடத்தில் கரணம் அடித்து வெடித்தது. கலிஃபோர்னியாவில் திரண்டிருந்த அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். எங்களுக்கு அப்போது மாலை ஏழு மணி. சென்னை அலுவலகத்தில் வீட்டுக்குக் கிளம்பாமல் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஏழெட்டுப் பேரும் கைதட்டினோம். வர்ணனையாளர் அதை 'திட்டமிடாத துரிதப் பிரிப்பு' என்றார். எங்கள் டீமில் ஒருவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் சர்வர் படுத்தபோதும் அதே சொல்தான்.

"இதுவே நம்ம இஸ்ரோவா இருந்தா இப்படிக் கைதட்டுவோமாடா?" என்று இன்னொருவன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

என்னிடம் பதில் இருந்தது. 2010 டிசம்பர் 25, சனிக்கிழமை. நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வீராம்பட்டினத்தில் இருந்தேன். பாண்டிச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவ ஊர். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். மாலை நான்கு மணி தாண்டியதும் ஜிஎஸ்எல்வி-எஃப்06 கிளம்பியது, ஜிசாட்-5பி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு. ஒரு நிமிடம்கூட நேராகப் போகவில்லை. சாய்ந்தது, உடைந்தது, டிவி முழுக்க ஆரஞ்சு நிறம். 64வது விநாடியில் ஏவுதளப் பாதுகாப்பு அதிகாரி அழிப்புக் கட்டளை கொடுத்தார் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

டீக்கடையில் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். "தீபாவளிக்கு நம்ம பசங்க வுட்ட ராக்கெட்டே தேவல." "எத்தினி கோடி போச்சோ!" "நம்ம வரிப்பணம்ணே." எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். "டேய், எந்தப் பக்கம்டா விழுந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். அவர் மச்சான் அப்போது காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்கு மச்சானின் லைன் கிடைக்கும்வரை போனைக் கீழே வைக்கவில்லை. மறுநாள் சுனாமியின் ஆறாவது நினைவு நாள். ஊரில் யாருக்கும் கடல் லேசான விஷயமாக இல்லாத வாரம் அது.

அந்த வெடிப்பின் காரணம், என் தொழிலில் இருக்கிற எவருக்கும் வயிற்றைப் பிசையும். ராக்கெட்டின் கம்ப்யூட்டர் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திசை திருப்ப வேண்டிய எஞ்சின்கள் அடியில். இடையில் ரஷ்ய கிரையோஜெனிக் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் பத்து கனெக்டர்கள். அவை 292வது விநாடியில், கட்டளை வந்த பிறகுதான் கழல வேண்டும். ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே கழன்றுவிட்டன. மேலே கம்ப்யூட்டர் சரியாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கும், கீழே யாருக்கும் அது கேட்கவில்லை. இதற்குப் போய்ச் சிரித்தோமே என்று பிறகு தோன்றவில்லை. டீக்கடைக்கு யார் இதைச் சொன்னார்கள்?

நண்பன் கேட்ட கேள்வியிலும் ஒரு கோணல் உண்டு. ஸ்டார்ஷிப் காலியாகப் போனது. ஏவுதளத்தைத் தாண்டினாலே போதும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். நம்மால் வெறும் ராக்கெட்டை வானில் விட முடிவதில்லை. அதே 2010 ஏப்ரலில், உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முதலாகப் பறந்தபோது, அந்தச் சோதனை ஓட்டத்திலும் ஜிசாட்-4 ஏறியிருந்தது. இரண்டும் வங்கக்கடலில் போயின. பஸ் ஓடுமா என்று பார்க்கும்போதே பயணிகளை ஏற்றிவிடுகிறோம். பிறகு கவிழ்ந்தால் அதைச் சோதனை என்று யார் ஏற்றுக்கொள்வார்கள்? நம் ஜனங்களுக்கு அறிவியல் மனப்பான்மை இல்லை என்று அலுத்துக்கொள்ளும் கட்டுரைகள் இதைக் கவனிப்பதில்லை. அதே கிரையோஜெனிக் வகை எஞ்சின் 2014 ஜனவரி 5 அன்று ஜெயித்தபோது டீக்கடையில் யாரும் பேசிய நினைவில்லை. பொங்கல் சமயம்.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3இன் முதல் ஓட்டம் 317வது விநாடியில் கடலில் முடிந்தபோதும் கேலிதான். எஸ்எல்வி என்றால் 'சீ லவிங் வெஹிக்கிள்', கடலைக் காதலிக்கும் வண்டி என்று விரித்துச் சொன்னார்கள். சதீஷ் தவான் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்ததையும், அடுத்த வருடம் வெற்றி வந்ததும் தன்னை முன்னால் அனுப்பியதையும் அப்துல் கலாம் மேடைமேடையாகச் சொன்னார். இன்று அது வாட்ஸ்அப்பில் தலைமைப் பண்பு பாடமாகச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் ஏவாதே என்று நிறுத்தியதையும், அதை மீறி ஏவச் சொன்னது தான்தான் என்பதையும் கலாமே சொல்லியிருக்கிறார். ஃபார்வர்டு செய்கிறவர்கள் இந்தப் பகுதியில் நிற்பதில்லை. நான் நிற்பேன். அலெர்ட்டை அணைத்துவிட்டு ரிலீஸ் போடுகிற வெள்ளிக்கிழமைகள் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்டார்ஷிப் கிளம்பிய வேகத்தில் ஏவுதளத்துக் கான்கிரீட் பெயர்ந்து பறந்தது. பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போர்ட் இசபெல் என்ற சின்ன ஊரில் மண்ணும் தூசியும் மழையாக விழுந்து கார்களையும் ஜன்னல்களையும் மூடின. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் சித்தப்பாவின் கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. எந்தச் செய்தியிலும் 'வங்கக்கடலில் விழுந்தது' என்றுதான் போடுகிறார்கள், ஆள் இல்லாத குப்பைமேட்டில் கொட்டியதைப் போல. கேலி செய்தவர்கள் தலையிலும் கைதட்டிய எங்கள் தலையிலும் எதுவும் விழப்போவதில்லை.

ராக்கெட் ஜெயித்தாலும் கடலில் விழத்தான் செய்கிறது. 2019 டிசம்பர் தொடக்கத்தில், முகத்துவாரத்துக்கு வடக்கே இருக்கும் வம்பாகீரப்பாளையத்து மீனவர்கள் பெரிய உருளை ஒன்றை இழுத்து வந்து கரை சேர்த்தார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த பிஎஸ்எல்வி ஒன்றின் பக்கவாட்டு மோட்டார். எரிந்து முடிந்ததும் கழன்று கடலில் விழுவதுதான் அதன் வேலை. படத்தைப் பார்த்துவிட்டு நான் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். ஸ்ட்ராப்-ஆன் என்றால் என்ன, அதில் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு உயரத்தில் கழலும் என்றெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிடா தம்பி," என்றார். "வலை கிழிஞ்சிருந்தா காசு யாரு குடுப்பா?"