முதலில் அறுபட வேண்டிய இழை

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் வாழும் நம் சகோதரர்களுக்கு மீனைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. வலையும் வள்ளமும் அவர்கள் அன்றாடம் காண்பவை. மேகம் தவழும் நீலகிரியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் நாம் தூண்டிலைப் பற்றி எழுதப் புகுவதுதான் அவர்களுக்கு வியப்பளிக்கும். ஆயினும் இம்மலையிலும் பெயர்பெற்ற மீன் ஒன்று உண்டு. டிரௌட் என்பது அதன் பெயர்.

அது இம்மண்ணில் பிறந்ததன்று. ஆங்கிலேயர் தம் நாட்டு ஓடைகளின் நினைவாக இங்கே அதனை வளர்க்க விரும்பினர். 1863-இல் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் முயன்று பார்த்தார், கைகூடவில்லை. 1906, 1907 ஆண்டுகளில் ஹெச். ஸி. வில்சன் என்பவரின் உழைப்பால் வானவில் டிரௌட் இங்கே நிலைபெற்றது. அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகமும் ஏற்பட்டது. அம்மீனின் தாயகம் பசிபிக் பெருங்கடலை ஒட்டிய நீர்நிலைகள். மேனாட்டார் பெரிதும் விரும்பும் சால்மன் மீனுக்கு அது நெருங்கிய உறவு.

இவ்விரு மீன்களுக்கும் குளிர்ந்த நீரே வாழ்வு. குளிர்ந்த நீரில்தான் பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும். வெயில் ஏறி மேல்நீர் சூடாகும்போது அவை ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலே மிதக்கும் இரையை அப்போது அவை ஏறெடுத்தும் பாரா. ஆழத்தில் இருப்பதைப் பெற வேண்டுமாயின் இரையும் ஆழத்துக்குச் செல்ல வேண்டும். அதற்குக் கனம் தேவை. தூண்டில்காரர்கள் நரம்பில் ஈயக்குண்டு கட்டுவது இதனால்தான்.

ஈயத்தை அரபியில் ‘ரஸாஸ்’ என்பர். ‘ஸஃப்’ அத்தியாயத்தில் உறுதியாக இணைக்கப்பட்ட கட்டடத்தைக் குறிக்கும் ‘மர்ஸூஸ்’ என்னும் சொல்லும் இதே வேரினது. ஈயம் வார்த்து இறுக்கப்பட்டது என்று அதற்கு விரிவுரையாளர் சிலர் பொருள் கூறுவர். கட்டடத்தை நிலைநிறுத்தும் அதே ஈயம், நீருக்கடியில் பாறையிடுக்கில் சிக்கினால் பிடித்தவனையும் விடாது நிலைநிறுத்திவிடும். நாம் சொல்ல வந்த செய்தி இங்கேதான் தொடங்குகிறது.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். உரிய அனுமதி பெற்று எமரால்டு நீர்த்தேக்கக் கரையில் தூண்டில் போடுவது அவருக்கு வழக்கம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்களுள் அதுவும் ஒன்று. காலத்தின் விசித்திரம், அவருடைய மகன் இப்போது அதே கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரில், வேலை பார்க்கிறார். தந்தை இங்கே டிரௌட்டைத் தேட, மகன் அங்கே விடுமுறை நாள்களில் சால்மனைத் தேடுகிறார்.

அங்கே படகில் சென்று பிடிப்போர் ‘டவுன்ரிக்கர்’ என்னும் சாதனத்தைப் பயன்படுத்துகின்றனர். படகின் விளிம்பில் ஒரு சிறு கை நீண்டிருக்கும். அதனோடு கம்பி சுற்றிய உருளை ஒன்றும் இருக்கும். கம்பியின் நுனியில் நான்கைந்து கிலோ எடையுள்ள குண்டு தொங்கும். தூண்டில் நரம்பைக் குண்டின் அருகே ஒரு கவ்வியில் மாட்டி இறக்குவார்கள். படகு மெல்ல நகர, இரை ஆழத்திலேயே பின்தொடரும். மீன் கவ்வியதும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். பிறகு குண்டின் சுமையின்றி மீனோடு மட்டும் போராடலாம்.

ஒருநாள் தொழுகை முடிந்ததும் நண்பர் நம்மிடம் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், மகன் பேசினான். குண்டு, கம்பி, கவ்வி எல்லாம் கடலுக்குள் போய்விட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறான்” என்றார். நடந்தது இதுதான். கடலடி திடீரென உயர்ந்த ஓரிடத்தில் குண்டு பாறையில் மாட்டிக்கொண்டது. உருளையின் பிடியை அவர்கள் மிக இறுக்கி வைத்திருந்ததால் கம்பி நழுவி ஓடவில்லை. நீரோட்டம் ஒரு பக்கம் தள்ள, கம்பி மறுபக்கம் இழுக்க, படகின் பின்புறம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. அவ்வேளையில் கம்பி, முன்பே முறுக்கு விழுந்திருந்த இடத்தில் அறுந்தது. படகு நிமிர்ந்தது.

“அடுத்த முறை இதைவிடத் தடித்த கம்பியாக வாங்கப் போகிறேன், அத்தா. எது வந்தாலும் அறுபடக்கூடாது” என்று மகன் சொன்னாராம். தந்தை அப்போது சொன்ன மறுமொழி நம் நெஞ்சில் பதிந்துவிட்டது: “தம்பி, அந்தக் கம்பி அறுந்ததால்தானே நீ என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாய்? அறுபடாத கம்பியைக் கேட்காதே. எது முதலில் அறுபட வேண்டும் என்பதை நீயே முடிவு செய்துகொள்.”

பின்னர் அவர் தம் தூண்டிலை நமக்குக் காட்டினார். மீன் பிடிக்கும் நரம்பு வலுவானது. ஈயத்தைக் கட்டியிருந்த ஒரு முழ நரம்போ மிக மெல்லியது. ஈயம் அடிமரத்தில் சிக்கினால் மெல்லிய நரம்பு மட்டும் அறும். முள்ளும் இரையும் நீண்ட நரம்பும் கைக்குத் திரும்பும். மகனுக்கும் அவர் இதையே கூறினார். குண்டுக்கும் கம்பிக்கும் இடையே வலுக் குறைந்த இணைப்பு ஒன்று இருக்கட்டும். உருளையின் பிடி, குண்டைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருந்தால் போதும். சிக்கினால் கம்பி தானே ஓடட்டும். படகை நிறுத்தி, வந்த வழியே திரும்பி, சிக்கிய இடத்துக்கு மேலே வந்து எதிர்ப்புறமிருந்து தூக்கிப் பார். வராவிட்டால் குண்டை விட்டுவிடு. கம்பியில் முறுக்கு விழுந்தால் அப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இணை.

தொலைந்த இடத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். இதைக் கேட்டபோது ‘கஹ்ஃபு’ அத்தியாயத்தில் வரும் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நமக்கு நினைவு வந்தது. உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் கடலில் நழுவிப் போனது. ஆனால் அது தொலைந்த இடமே அவர்கள் தேடிவந்த இடத்துக்கு அடையாளமாயிற்று. இழந்த இடத்தை மறவாதவனுக்கு அந்த இழப்பே வழிகாட்டியாகிறது.

இழந்தவனுக்குப் பொருளோடு கணக்குத் தீர்ந்துவிடுவதில்லை. கோடையில் நீர்த்தேக்கம் வற்றும்போது சிறுவர்கள் சேற்றில் ஈயக்குண்டுகளைப் பொறுக்குவதுண்டு. “ஹஜ்ரத், இது எங்களுக்கு ஆகுமா?” என்று நம் மாணவர் சிலர் கேட்டனர். கண்டெடுத்த பொருளை ஃபிக்ஹு நூல்கள் ‘லுகத்தா’ என்னும் தலைப்பில் ஆராய்கின்றன. மதிப்புள்ளதாயின் உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும். பேரீச்சங்கொட்டை, மாதுளைத் தோல் போல உரியவர் தேடி வரமாட்டார் என்று தெளிவாகத் தெரிபவற்றுக்கு அந்த அறிவிப்பு வேண்டியதில்லை. ஆகவே ஈயக்குண்டை எடுத்துக்கொள்ளலாம், சுழலுருளை கிடைத்தால் நம்மிடம் கொண்டு வாருங்கள் என்றோம். முள்ளையும் நரம்பையும் கண்டால் கட்டாயம் அகற்றுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னோம். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளை என்று கற்ற நமக்கு, பறவையின் காலைச் சுற்றும் நரம்பு மட்டும் விலக்காகுமா? ஈயமும் தீங்கற்றதன்று. சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் மடிந்ததால், பிரிட்டனில் 1987-இல் தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டுகளின் விற்பனையே தடை செய்யப்பட்டது. இன்று இரும்பு முதலிய மாற்றுகள் உள்ளன. இழந்ததற்குப் பதிலாக வாங்கும்போது, மீண்டும் இழந்தாலும் நீருக்குக் கேடு குறைந்ததைத் தேர்வதே முறை.

நண்பரின் மகன் அடுத்த பருவத்தில் இரும்புக் குண்டும், புதிய கவ்வியும், பழைய அளவுக் கம்பியுமே வாங்கினார். இடையில் மெல்லிய இணைப்பு ஒன்றையும் கட்டினார். மீண்டும் ஒருமுறை குண்டு சிக்கியது. கம்பி நழுவி ஓடியது, படகு அசையவில்லை. திரும்பி வந்து தூக்கிப் பார்த்தும் குண்டு வரவில்லை. இணைப்பு அறுந்தது. குண்டு ஒன்றே போயிற்று.

நம் வாழ்விலும் இம்முறை தேவைப்படுகிறது. பாகப்பிரிவினையில் ஒரு சாண் நிலத்தை விடமாட்டேன் என்று இழுத்து, உடன்பிறந்தான் உறவையே அறுத்துக்கொண்ட வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அங்கே நிலம் வலுவான கம்பியாகவும் உறவு மெல்லிய நரம்பாகவும் கட்டப்பட்டிருந்தது. ஆழத்தில் இறங்குவோர் சிக்குவது இயல்பு. எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைக் கரையில் இருக்கும்போதே, மனம் அமைதியாக இருக்கும்போதே, முடிவு செய்துகொள்வோமாக.