நானும் ஒரு மைனர்!

நான் காலேஜில் படித்தது மெக்கானிக்கல். கூடவே பொது நிர்வாகத்தில் 'மைனர்'. இந்த ஒரு வார்த்தையால் எங்கள் குடும்பத்தில் உண்டான கலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பத்தாவுக்கு மைனர் என்றால் சில்க் ஜிப்பா, அதற்கு வெளியே தெரிகிற தங்கச் செயின், வாய் நிறைய வெற்றிலை. அவள் சின்ன வயசில் ஊரில் அப்படி ஒருத்தர் இருந்தாராம். இருபது ஏக்கர் நஞ்சையை ஐந்தே வருஷத்தில் கரைத்த புண்ணியவான். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் விஷயத்தைச் சொல்ல, அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "படிக்க அனுப்புனா மைனராகப் போறேங்கிறான். கேட்டுக்கிட்டு நிக்கிறியேடா?"

அப்பாவின் கவலை வேறு. "மிஷினைப் படிடான்னா சர்க்காரைப் படிக்கிறேங்கிறே. கலெக்டர் ஆகப் போறியா?"

"இல்லப்பா."

"அப்ப எதுக்கு?"

நியாயமான கேள்வி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி என்ஜினீயரிங் மாணவன் தன் துறைக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றையும் ஓரமாகப் படிக்கலாம். ஃபின்டெக், தொழில்முனைவு, பொது நிர்வாகம், பிசினஸ் டேட்டா, சுற்றுச்சூழல் என்று வகைகள் உண்டு. மொத்தம் 18 கிரெடிட். சம்பளம் எங்கே இருக்கிறதென்று தெரிந்த நண்பர்கள் ஃபின்டெக்குக்குப் போனார்கள். எங்கள் பக்கம் வந்தது மூன்றே பேர். ஒருவனுக்கு ஐ.ஏ.எஸ். கனவு, இன்னொருவனுக்கு அட்டெண்டன்ஸில் தாராளமான வாத்தியார் என்று தகவல். எனக்கு ரேஷன் கடை.

சிரிக்காதீர்கள். மேலூர்ப் பக்கம் கிராமத்தில் அப்பத்தா தனியாக இருக்கிறாள், தனி கார்டு. 2020 அக்டோபரில் ரேஷன் கடைகளில் கைரேகை மிஷின் வந்தது. வயலில் களை பிடுங்கி, சாம்பல் போட்டு அண்டா தேய்த்துத் தேய்த்து, அவள் விரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. மிஷின் ஒவ்வொரு விரலாகக் கேட்கும். பத்தும் முடிந்த பிறகு கடைக்காரர், "விழலை பாட்டி, நாளைக்கு வா" என்பார். ஒரு மாதம் இரண்டு நடையில் கிடைக்கும், ஒரு மாதம் கிடைக்காது. இலவச அரிசி, கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய் பாமாயில். நமக்கு இது சில்லறை. அவளுக்கு மாதத்தின் பாதிச் சமையல்.

வகுப்பில் முதல் மாதம் கொட்டாவிதான். பொதுக்கொள்கை பாடம் வந்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லிண்ட்பிளாம் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர். அரசாங்கங்கள் எல்லா வழிகளையும் எடைபோட்டு முடிவெடுப்பதில்லை, ஏற்கெனவே இருப்பதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, தட்டுத்தடுமாறிச் சமாளிக்கின்றன என்று 1959-ல் எழுதினார். போன வருஷ பட்ஜெட் ஃபைலை எடுத்து, ஐந்து பர்சென்ட் ஏற்றி மேலே அனுப்புகிற உங்கள் ஆபீஸ் ஞாபகம் வருகிறதா? அதேதான். நாம் செய்தால் சோம்பேறித்தனம், அவர் எழுதினால் தியரி.

லிப்ஸ்கி என்று இன்னொருவர். 1980-ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம் இவ்வளவுதான்: சட்டம் தலைநகரில் எழுதப்படலாம், ஆனால் ஜனங்கள் கண்ணால் பார்க்கும் கொள்கை, கவுண்டரில் இருக்கும் ஆள் செய்வதுதான். அவருக்கு நேரம் கொஞ்சம், வரிசையோ நீளம். அதனால் சில குறுக்குவழிகளைக் கண்டுபிடித்து வைத்திருப்பார். 'நாளைக்கு வா' அதில் ஒன்று. லிப்ஸ்கி மேலூருக்கு வந்திருப்பாரோ என்று சந்தேகமாக இருந்தது.

ரேஷன் பற்றியும் சார் ஒருநாள் எடுத்தார். 1997-ல் மத்திய அரசு ஏழைகளைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு மட்டும் எல்லாருக்கும் என்றே வைத்துக்கொண்டது. இதில் இரண்டு வகைத் தப்பு வரலாம். தேவையில்லாதவனுக்குப் போவது ஒன்று, தேவையானவனுக்குப் போகாமல் விடுவது இன்னொன்று. முதலாவதை இறுக்கிப் பிடித்தால் இரண்டாவது கூடும். பங்களாவாசிக்கும் கார்டா என்று டீக்கடையில் திட்டுகிறோமே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. ஆனால் வாசல் வழியாக வெளியே போன இரண்டாவது தப்பு, மிஷின் வழியாகக் கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிட்டதே சார் என்றேன். "அதையே புராஜெக்டா பண்ணு" என்றார்.

நான்கு நாள் அந்தக் கடை வாசலில் நோட்டோடு உட்கார்ந்தேன். கடைக்காரரை வில்லனாக எழுதும் உத்தேசத்தில்தான் போனேன், அவர் இடம் கொடுக்கவில்லை. மிஷினில் பதிவாகாமல் அரிசியை அளந்து கொடுத்தால் இருப்பு குறையும், குறைந்ததற்குப் பணம் அவர் கட்ட வேண்டும். சர்வர் நின்றால் திட்டு அவருக்கு. "தம்பி, பாட்டியைத் திருப்பி அனுப்புறது எனக்கு மட்டும் இனிக்குதா?" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

தோண்டிப் பார்த்ததில், கடைக்கு வர முடியாத மூத்த குடிமக்கள் தங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப அங்கீகாரச் சான்று வாங்கலாம் என்று ஏற்பாடே இருந்தது. மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை தாலுகாவில் நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமில் மனு கொடுக்கலாம். அந்த வரிசையில் நின்றிருந்த ஒருவருக்கும் இது தெரியாது. கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் சித்தி பெயருக்குச் சான்று வந்தது. புராஜெக்டுக்கு நல்ல மார்க்கும் வந்தது.

அப்பத்தா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் என்ன செத்தா போயிட்டேன், எனக்குப் பதிலா ஆள் போட?" எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. கடை வரிசை அவளுக்கு அரிசிக்கு மட்டுமானதில்லை. யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு முட்டி வலி என்று எல்லாச் செய்தியும் அங்கேதான் கிடைக்கும்.

இந்தப் படிப்பால் இன்கிரிமென்ட் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. இப்போது ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறேன். கேட்டில் புதுசாகக் கைரேகை அட்டெண்டன்ஸ் வைத்தார்கள். கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவர்களின் விரலை அது ஏற்கவில்லை. மூன்று பேருக்கு அரை நாள் சம்பளம் போனது. பக்கத்திலேயே ஒரு நோட்டு வையுங்கள் சார், சூப்பர்வைசர் கையெழுத்துப் போடட்டும் என்று ஹெச்.ஆரில் போய்ச் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதியும் கொடுத்தேன். ஒரு வாரம் முறைத்தார்கள், அப்புறம் நோட்டு வந்தது. அந்த மூன்று பேரும் கேன்டீனில் இப்போது என்னை வரிசையில் நிற்க விடுவதில்லை.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. எழுபது வயசு தாண்டியவர்களுக்கு ரேஷன் வீட்டுக்கே வரும் என்பது அப்போதைய ஏற்பாடு. அப்பத்தாவுக்கு 76. தராசும் மிஷினும் ஏற்றிக்கொண்டு வண்டி தெருவுக்குள் வந்தது. முதல் தடவை வாசலில் நின்று வாங்கிக்கொண்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்றாளாம்.

அடுத்த மாதம் சித்தி போனில் சொன்னாள். வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அப்பத்தா பையோடு தெருமுனை வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாளாம். அங்கே ஏற்கெனவே நாலு கிழவிகள் உட்கார்ந்திருந்தார்களாம்.