மாணிக்கக் குழியும் பிள்ளைமடுவமும்

இரத்தினபுரி என்றதும் மாணிக்கமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், கல்லை எடுத்தபின் அக்குழி என்னாகின்றது என்று நம்மிற் பலர் கேட்பதில்லை.

மழைக்காலக் காலையொன்றில், இறப்பர் மரங்களினூடே செல்லும் தோட்டப்பாதையில் நாம் நடந்தோம். லயத்துக்குக் கீழே, ஓடைக்கரையில், பாசி படர்ந்து புல்தரையெனவே தோன்றியது ஒரு பழங்குழி. உடன்வந்த அன்பர் தம் கைக்கோலை உள்ளே விட்டார். கோல் முழுவதும் மறைந்தது. அனுமதி பெற்று அகழ்வோர், வேலை முடிந்ததும் குழியை மூடவேண்டும். அதற்கெனப் பிணைப்பணமும் கட்டவேண்டும். இரவோடிரவாகத் திருட்டுத்தனமாய் வெட்டுவோருக்கு ஏது பிணை?

பால்வெட்டச் செல்லும் தாய் விடிந்ததும் விடியாததுமாய்ப் புறப்பட்டுவிடுகிறாள். அவளுடைய மூன்று வயதுக் குழந்தை அந்நேரம் எங்கே இருக்கின்றது? கேள்வி இவ்வளவே. 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களுள் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட மழலை!

வங்காளதேசக் கிராமங்களில் இதற்கொரு வழி கண்டனர். காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை, தாய்மார் வேலையில் ஆழ்ந்திருக்கும் வேளையில், சிறுவரை ஒரு வீட்டிற் கூட்டிக் காக்கின்றனர். அதன் பெயர் 'ஆஞ்சல்'; முந்தானை என்று பொருள். பயன் கண்ட அந்நாட்டரசு, 2022இல் 8,000 காப்பகங்களுக்கு ஒப்புதல் வழங்கியது.

நம் தோட்டங்களிலோ பிள்ளைமடுவம் தலைமுறை தலைமுறையாக உள்ளது. அதன் அருமையைத்தான் நாம் அறிந்தோமில்லை. நாம் சென்றபோது ஆயம்மா தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மறுபடியும் எண்ணினார். முகம் மாறியது.

"ஒண்ணு கொறையுதுங்களே ஐயா!"

பெரிய பெண்ணொருத்தியை லயத்துக்கு ஓடவிட்டார். நமக்கோ அந்தப் பாசிக்குழியே கண்முன் நின்றது. பத்து நிமிடங்கள் கழிந்திருக்கும். பாட்டியின் இடுப்பில் அமர்ந்து, கையில் ரொட்டித்துண்டுடன் வந்து சேர்ந்தான் அச்சிறுவன். "காய்ச்சலா இருந்துச்சு, அதான் அனுப்பலை" என்றாள் கிழவி. ஆயம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

பள்ளிப்பிள்ளைகளுக்கு மடுவம் போதாது. ஆற்றங்கரைக்கு ஓடும் வயது அது. நீந்தக் கற்பித்தலே அவர்களுக்கு வழி. மூழ்குபவனைக் காப்பாற்றப் பின்னாற் குதிக்காமல், கோலையோ சேலையையோ நீட்டவும் பழக்கவேண்டும். எடுத்த குழந்தையைத் தலைகீழாகச் சுழற்றும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு, அது பெருந்தவறு. மூச்சில்லையெனில் உடனே வாயோடு வாய்வைத்து மூச்சூட்டி, மார்பையும் அழுத்தவேண்டும்.

மாலையில் நாம் திரும்புகையில், இளைஞர் நால்வர் அப்பழங்குழியைச் சுற்றி மூங்கிற் கழி நட்டுக்கொண்டிருந்தனர். கிழவி அருகே நின்று, இன்னும் நெருக்கமாக நடும்படி அவர்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.