அலுமினியக் கூடும் பொது அளவும்

ஜூலை 2, 2025, புதன்

ஜூலை முதல் தேதியில் கனடா தேசம் தன் பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருக்கையில், மொன்றியல் நகரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு மாறிக்கொண்டிருக்கின்றன. முற்காலத்தில் மே முதல் தேதியோடு மாறிய வாடகை ஒப்பந்தங்களை, பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு இடையிலே குலையலாகாது என்று கருதி, 1970-களில் கியூபெக் மாகாண அரசாங்கம் ஜூன் மாத முடிவுக்குத் தள்ளிவைத்ததிலிருந்து இந்தச் சம்பிரதாயம் நிலைபெற்றது. மறுநாட் காலையில் பார்க் எக்ஸ்டென்ஷன் வீதிகளில் நடப்பவனுக்கு, கால் ஒடிந்த நாற்காலிகளும் கறைபட்ட மெத்தைகளுமாக, இந்நகரத்தார் இனித் தமக்குப் பிரயோஜனமில்லை என்று தீர்மானித்த பொருள்கள் யாவும் நடைபாதையிலே காட்சியளிக்கும்.

இன்று காலை புளூம்ஃபீல்ட் வீதியில் ஒரு மரத்தடியில் பவர் மேக் ஜி5 கணினி ஒன்று நிற்பதைக் கண்டு நின்றுவிட்டேன். ஆப்பிள் நிறுவனம் 2003 ஜூன் 23-இல் உலகுக்கு அறிமுகம் செய்த அந்த யந்திரம், ஏறக்குறைய 51 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் கொண்டது, முன்னும் பின்னும் சல்லடைபோல் துளையிட்ட தகடு, மேலேயும் கீழேயும் வளைந்து எழும் பிடிகள், எங்கு பார்த்தாலும் சாம்பல் பூத்த வெண்மையுடைய அலுமினியம். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த பெண்மணி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று பிரெஞ்சிலே சொல்லிக் கையசைத்தார். மாடிக்குச் செல்லும் வெளிப்படிக்கட்டில், ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள அதை ஏற்றிக் கொடுத்தவன் கீழ்வீட்டுப் பிள்ளை. அவன் தாயும் நானும் ஒரே ஊரார் என்பதால் என்னை மாமா என்பான்.

ஜூலை 6, ஞாயிறு

பின்புறத்து நெம்பியைத் தூக்கியவுடன் பக்கக் கதவு கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு சிறு மாளிகையின் ஒழுங்கு. மேலே தட்டுகளைச் சுழற்றும் கருவிகள், அதன் கீழே விரிவாக்க அட்டைகள், அதற்கும் கீழே பெரிய வெப்பத் தகடுகளோடு பிராசசர்கள், அடித்தளத்தில் பவர் சப்ளை என நான்கு வெப்ப மண்டலங்களாகப் பிரித்து, ஒன்பது விசிறிகளால் காற்றை முன்னிருந்து பின்னுக்கு இழுத்து, ஒரு மண்டலத்தின் சூடு மற்றொன்றைத் தீண்டாதபடி அமைத்திருக்கிறார்கள். இதை வகுத்தவர்கள் சிரத்தையோடு வகுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் யந்திரத்துக்கு உயிர் இல்லை. உயிர் இருந்தாலும் பெரும்பயன் விளையாது. 2005-இல் அந்நிறுவனம் பவர்பிசி பிராசசர்களைக் கைவிட்டு இன்டெல் பக்கம் திரும்புவதாக அறிவித்தது; 2007-இல் வந்த லெப்பர்ட் என்னும் இயங்குதளமே இக்கணினி ஏற்கத்தக்க கடைசி இயங்குதளமாயிற்று. ஆறேழு ஆண்டுகளுக்குள் உள்ளீடு காலாவதியாகிவிட, அதைச் சுமந்த கூடோ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நேற்றுச் செய்ததுபோல் நிற்கிறது.

அந்த உலோகத்தை எண்ணிப் பார்க்கிறேன். சகெனே பிரதேசத்தில் 1926-இல் ஆர்வீடா என்று ஒரு நகரத்தையே அலுமினியத்துக்காக எழுப்பிய மாகாணம் இது; ஆறுகளின் மின்சாரம் இல்லாமல் அந்த உலோகம் இங்கே பிறந்திராது. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து மின்பகுப்பால் பிரிக்க ஏறத்தாழ 14 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்ப்பதற்கு, புதிதாக ஆக்குவதற்குத் தேவையான சக்தியில் இருபதில் ஒரு பங்கே போதும் என்பது உண்மைதான். ஆயினும் உருக்குவதால் உலோகம் மட்டுமே தப்புகிறது, அதை வளைத்தவன், துளையிட்டவன், மெருகிட்டவன் ஆகியோரின் உழைப்பு உலையோடு போய்விடுகிறது. ஆகையால் இக்கூட்டைக் காப்பாற்றி, எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண உறுப்புகள் பொருந்துமாறு மாற்றியமைப்பதென்று உத்தேசித்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

பிள்ளை மாலையில் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏன் மாமா இதோட கிடந்து மாயுறியள்? புதுக் கேசிங் ஒண்டு வாங்கினால் முடிஞ்சுதுதானே."

"வாங்கலாம் தம்பி. அப்ப இது எங்க போகும்?"

அவன் சற்று யோசித்துவிட்டு, அளவுகோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

ஜூலை 20, ஞாயிறு

அளந்து முடித்தபின்தான் வேலையின் முழு உருவமும் தெரிகிறது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போட் பக்கத்துக்கு 244 மி.மீ. கொண்ட சதுரம், அது இக்கூட்டில் தாராளமாக அடங்கும். இடம் இருக்கிறது, இசைவு இல்லை. கூட்டின் சுவரில் பதித்திருக்கும் கால்கள் வேறு இடங்களில் நிற்கின்றன. பொது அளவில் வெளி இணைப்புகளுக்கான திறப்பு மேலேயும் அட்டைகளுக்கான இடைவெளிகள் கீழேயும் இருக்க வேண்டியிருக்க, இங்கே அட்டைகள் மேலே, இணைப்புகள் கீழே. ஆகவே பின்புறத் தகட்டில் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுத்தேயாக வேண்டும்.

பொது அளவு என்று நான் சொல்வதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஐ.பி.எம். 1981 ஆகஸ்டில் தன் மேசைக் கணினியைப் பிறர் பார்த்துச் செய்யத்தக்கதாக வெளியிட்டது. 1984-இல் வந்த அதன் ஏ.டி. மாதிரியை நூற்றுக்கணக்கான சிறு உற்பத்தியாளர்கள் பின்பற்றினர். 1995-இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவில் மதர்போட் 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம், பின்புறத் திறப்பு 158.75 மி.மீ. அகலம், 44.45 மி.மீ. உயரம்; ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் இடையே 20.32 மி.மீ. முப்பது ஆண்டுகளில் பிராசசர்கள் எத்தனையோ தலைமுறைகளைக் கண்டுவிட்டன. இந்தத் துளைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1996-இல் வாங்கிய பெட்டியில் இந்த ஆண்டு வெளிவந்த மதர்போட்டைத் திருகி மாட்டலாம் என்பதை, நம் காலத்தின் அமைதியான சாதனைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன்.

இவ்வகை இசைவு மொன்றியலுக்குப் புதிதன்று. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கிராண்ட் டிரங்க் ரயில்வே, தொடக்கத்தில் தன் தண்டவாளங்களை 5 அடி 6 அங்குல அகலத்தில் அமைத்திருந்தது. இலங்கையில் யாழ்தேவி ரயில் ஓடும் பாதையின் அகலமும் அதுவே. தெற்கே அமெரிக்க மாநிலங்களின் பாதைகள் பலவும் 4 அடி 8½ அங்குலமாக இருந்தமையால், எல்லையிலே சரக்கை இறக்கி ஏற்றும் தொல்லை தீராமல், 1870-களின் தொடக்கத்தில் அந்த ரயில்வே தன் தண்டவாளங்களை நகர்த்தி, எஞ்சின்களையும் பெட்டிகளையும் குறுகிய அகலத்துக்கு மாற்றிக்கொண்டது. பொது அளவுக்கு இசைவது எத்தனை பெரிய காரியம் என்பதை அந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் அறிந்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

நண்பர் ஒருவரின் கடையில், துருப்பிடித்த பழைய அலுவலகக் கணினியின் இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதன் பின்சுவரையும், மதர்போட் அமரும் தட்டையும் மட்டும் பிரித்தெடுத்தேன். துளைகளை நானே குறித்துப் போடுவதைவிட, பொது அளவுக்கு அச்சில் அடித்த தட்டை அப்படியே இக்கூட்டுக்குள் ஒட்டுப்போடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் மதர்போட் வளைந்து, நாளடைவில் ஈயப் பற்றுகள் விரிசல் காணும்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று வெட்டினேன்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையின் பட்டறையில் பயிலுனனாகச் சேர்ந்தபோது, எனக்குக் கையில் முதலில் கொடுத்தது அரம். இரும்புத் துண்டொன்றை மட்டமாக இராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இடையே ஒளி கசியக்கூடாது; கசிந்தால் மீண்டும் இராவ வேண்டும். அந்தப் பயிற்சி இந்த வயதிலும் கையில் இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

அலுமினியம் மென்மையான உலோகம் என்று நினைத்து அவசரப்படுபவனுக்கு அது இடம் கொடாது. பிளேடின் பல்லிடுக்குகளில் தூள் ஒட்டி அடைத்துக்கொள்ளும். பிறகு பிளேடு வெட்டாது, தேய்க்கும். ஆகையால் சிறிது மண்ணெண்ணெய் தடவி, நிதானமாக வெட்ட வேண்டும். அந்த வாசனை எழுந்தவுடன் 1990-க்குப் பிற்பட்ட யாழ்ப்பாணத்து நாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வரத் தடைவிதித்திருந்த அந்த ஆண்டுகளில், துளிப் பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். எந்தச் சைக்கிளின் டைனமோவும் எந்தச் சைக்கிளின் சக்கரத்திலும் பொருந்தியது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் அளவை வைத்துக்கொண்டிருந்தால், எங்கள் ஊர் வெளியுலகச் செய்தியறியாமல் கிடந்திருக்கும். அறியாத ஒருவனுடைய கைக்கும் உதவும்படி ஒரு துளையைப் பொது இடத்தில் போட்டுவைத்தவனை நான் உபகாரி என்று நினைப்பது அந்த நாள்களிலிருந்துதான்.

பின்தகட்டில் கோடு கிழித்து, நான்கு மூலைகளிலும் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு வாளை ஓட்டினேன். கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளேயே நிறுத்தி, மீதியை அரத்துக்கு விட்டேன். முன்முகத்தையும் பிடிகளையும் தொடவில்லை. அவை அழகானவை, அவற்றில் கைவைக்க எவருக்கும் உரிமை இல்லை. இரும்புத் தட்டை ரிவெட் அடித்து இறுக்குவதே வழக்கம். நான் திருகாணி போட்டிருக்கிறேன், பின்னால் வருபவன் விரும்பினால் கழற்றிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கம்பிகளின் விஷயம். அலுமினியத்தின் மேற்பரப்பில் மின்முறையால் ஏற்றிய ஆக்சைடுப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கூடு முழுவதும் உலோகமாயிற்றே என்று நம்பி, தரையிணைப்புத் தானாகவே அமைந்துவிடும் என்று இருந்துவிடக்கூடாது. திருகாணி அமரும் இடங்களில் படலத்தைச் சுரண்டி, மல்டிமீற்றரால் சோதித்தேன். மூலப் பவர் சப்ளையை அகற்றி, 150 மி.மீ. அகலமுள்ள சாதாரண ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளையை அடித்தளத்தில் வைத்தேன். அதன் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு தொடுத்தால் விசிறி சுழல்கிறது. இந்த இடத்தில் கம்பிகளின் வரிசையைப் பார்க்காமல் எதையும் செருகலாகாது: 1990-களின் இறுதியில், பொது அளவுக்குரிய அதே உருவத்தில் இணைப்பானை வைத்துக்கொண்டு, உள்ளே கம்பிகளின் வரிசையை மட்டும் மாற்றிக் கணினிகளை விற்ற பெரிய கம்பெனி ஒன்று உண்டு, அவற்றில் வேறு பவர் சப்ளையை மாட்டியவர்களின் மதர்போட் எரிந்துபோயிற்று. தனி அளவு வைத்துக்கொள்வது குறைபாடு என்றால், பொது அளவின் வேஷத்தில் தனி அளவை விற்பது அநியாயம்.

முன்புறப் பொத்தானுக்குரிய இரண்டு கம்பிகளைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொழுது போய்விட்டது. கிடைத்துவிட்டன. அழுத்தினால் வெண்ணிற விளக்கும் எரிகிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

கியூபெக் தேசிய சட்டமன்றம் 2023 அக்டோபரில் நிறைவேற்றிய சட்டத்தின் ஒரு முக்கியமான பகுதி இன்று அமலுக்கு வந்திருக்கிறது. பொருள்களை விரைவில் பழுதாகும்படி திட்டமிட்டே செய்வதைக் கனடாவில் முதன்முதலாகத் தடைசெய்த மாகாணம் இது. இன்று முதல், பராமரிப்பு தேவைப்படும் பொருள்களை விற்பவர்களும் செய்பவர்களும், உதிரிப் பாகங்களும் திருத்தும் சேவையும் அதற்கு வேண்டிய தகவலும் நியாயமான காலம்வரை கிடைப்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அவை கிடைக்கும் என்று உத்தரவாதம் தர இயலாது என முன்கூட்டியே அறிவித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்னும் வாசலும் அதிலே இருக்கிறது. அது எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் சட்டத்தை வரவேற்கிறேன்.

ஆனால் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறேன். உதிரிப் பாகம் கிடைப்பது செய்தவனுடைய சித்தத்தைப் பொறுத்தது. அவன் கடை மூடினால் பாகமும் இல்லை. துளைகள் பொது இடத்தில் இருந்தால் அவனை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ரோஸ்மோண்ட் பகுதியில் 1998 முதல் இயங்கிவரும் இன்செர்டெக் என்னும் ஸ்தாபனத்தில், வேலை தேடும் இளைஞர்கள் பழைய கணினிகளைச் சீர்செய்வதிலே பயிற்சி பெறுகிறார்கள். அதன் அண்டையில்தான் கனேடியன் பசிபிக் ரயில்வேயின் ஆங்கஸ் பட்டறைகள் 1904 முதல் 1992 வரை இருந்தன. உலகப் போர்க்காலத்தில் பன்னீராயிரம்வரை தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். அந்த இளைஞர்களின் கைக்கு வரும் யந்திரம் ஒவ்வொன்றும் பொது அளவில் இருந்தால் அவர்கள் தொழில் எத்தனை சுலபமாகும்!

அக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு இன்றோடு முடிகிறது. அதற்கு அடுத்ததோ குறிப்பிட்ட தலைமுறைக்கு முற்பட்ட பிராசசர்களை ஏற்பதில்லை; நல்ல நிலையில் உள்ள எத்தனையோ கணினிகள் வரும் மாதங்களில் நடைபாதைக்கு வரும். நான் மாட்டிய மதர்போட்டும் அந்த வயதினதுதான். அதில் லினக்ஸ் நிறுவியிருக்கிறேன். கீழ்வீட்டுப் பிள்ளை தன் கல்லூரிப் பாடங்களை அதில் செய்கிறான். அது சலித்துப்போகும் நாளில் திருகாணிகளைக் கழற்றி, வேறொன்றை மாட்டுவான். கூட்டுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நேற்று அவன் லாவலில் இருந்து வேறொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருவருமாக அளந்தோம். துளைகளில் மூன்று பொது அளவோடு பொருந்துகின்றன, மற்றவை விலகி நிற்கின்றன. குளிர் இறங்குமுன் பால்கனியில் வெட்டி முடிக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் வா, இந்த முறை அரத்தை நீ பிடி என்று சொல்லியிருக்கிறேன்.