நன்னியின் கல்தொட்டி

எங்கள் வீடு இருந்த இடத்தின் மீது இப்போது பெங்களூருக்குச் செல்லும் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் வழியில் குருபரப்பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளிடம், “இங்கேதான் இருந்தது” என்று சொல்வோம். அவர்கள் தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அந்த இடம் பின்னால் போய்விடும். வீட்டைக் காட்ட முடியாததால், அதில் வாழ்ந்த உயிர்களைப் பற்றியே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். அவற்றுள் இரண்டு எங்கள் மனத்தை இன்றும் உறுத்துபவை. அவற்றை இங்கே எழுதி வைக்க விரும்புகிறோம்.

1990களில் எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். சாலைக்கு அப்போது தேசிய நெடுஞ்சாலை 7 என்று பெயர். வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிவது. இன்று அதன் எண் 44. சாலையின் இருபுறமும் புளியமரங்கள் நின்றன. கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் ஆதலால் எங்கள் வீட்டுச் சுவரும் கல், வேலியும் நட்டுவைத்த கல், துணி துவைப்பதும் கல். மேலே நாட்டு ஓடு. முன்னே திண்ணை, பின்னே கிணறு, கிணற்றுக்கு அப்பால் மாந்தோப்பு. அத்தா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய்களைக் கிருஷ்ணகிரி மண்டிக்கு அனுப்புவார். பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைகளுக்கும், மற்றவை பழக்கடைகளுக்கும் போகும்.

அந்த வீட்டு வாசலில் ஒரு கல்தொட்டி இருந்தது. அம்மாவைப் பெற்ற நன்னிதான் அதற்குப் பொறுப்பு. பஜ்ரு தொழுததும் அவர் செய்யும் முதல் வேலை, முந்தைய நாள் நீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுத் தொட்டியில் புதுநீர் நிரப்புவது. அருகிலுள்ள குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் கால்நடைச் சந்தை கூடும். அதற்காக இரவோடு இரவாக நடத்தி வரப்படும் ஆடுகளும் மாடுகளும் எங்கள் வாசலில் நின்று நீர் அருந்திச் செல்லும். மாட்டுக்காரர்களில் தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், உருது பேசுவோர் என எல்லோரும் உண்டு. எங்கள் ஊரில் ஒரு விலங்கை அழைக்க நான்கு சொற்கள் போதும். தமிழில் ‘வா’, தெலுங்கில் ‘ரா’, கன்னடத்தில் ‘பா’, உருதுவில் ‘ஆ’. எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறதோ, அதைக் கொண்டு அது எந்த வீட்டில் வளர்ந்தது என்று நன்னி சொல்லிவிடுவார்.

தோப்பைக் காக்க ‘மணி’ என்றொரு நாய் இருந்தது. நாய் இருக்கும் வீட்டில் மலக்குமார்கள் நுழைவதில்லை என்பதால் அது திண்ணைப் பக்கம் வராது. பயிருக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதித்திருப்பதால் தோப்பில் அதற்குத் தனிக் கொட்டகை, தனிச் சட்டி. “நஜீஸ் என்பது கழுவிக்கொள்வதற்கான சட்டம். அதை உதைப்பதற்கான அனுமதி அன்று” என்று நன்னி எங்களை எச்சரிப்பார். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நன்னி அரபு எழுத்துக் கூட்டி ஓத மட்டுமே கற்றவர். ஆனால் அந்த ஹதீஸ் அவருடைய கையில் வாளியாக இருந்தது.

வீட்டுக்குள் உலவும் உரிமை பூனைக்கு மட்டுமே. அதற்கு ‘மின்னு’ என்று பெயர். ஒன்று மறைந்தால் அதன் குட்டிக்கு அதே பெயர் வந்துவிடும். ஒளூவுக்கு வைத்த நீரில் அது வாய் வைத்தாலும் நன்னி முகம் சுளித்ததில்லை. நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்யும் நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதாக அவர்கள் விளக்கினார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் உள்ள இந்தச் செய்தியைப் பிற்காலத்தில் படித்தபோது, எங்கள் வீட்டுச் சமையலறையையே படிப்பது போலிருந்தது.

1994 கோடையில் அத்தா சந்தையிலிருந்து ஒரு கிடாக்குட்டியை வாங்கி வந்தார். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அதற்கு ‘ராஜா’ என்று பெயரிட்டோம். பள்ளிவிட்டு வரும் எங்களைப் புளியமரம் வரை வந்து எதிர்கொள்ளும். எங்களில் இளையவன் அதற்குத் தன் களியில் பாதியைக் கொடுப்பான். அதை அடுத்த ஆண்டுக் குர்பானிக்கு வளர்ப்பதற்காகவே அத்தா வாங்கினார் என்பதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

1995இல் ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வந்தது. மாங்காய்ப் பருவம், பள்ளி விடுமுறை. பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் செய்தி தெரிந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் சோறு அப்படியே இருந்தது. அத்தா கோபிக்கவில்லை. பள்ளிவாசலுக்குச் சென்று ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தார். வசதியுள்ளவர் குர்பானிக்கென வாங்கிய பிராணிக்குப் பதிலாக, மதிப்பில் குறையாத வேறொன்றை அறுக்க நம் ஹனஃபி மத்ஹபில் இடமுண்டு என்று ஹஜ்ரத் கூறியிருந்தார். அத்தா எங்களை அமரச் செய்து அதைச் சொன்னார். “ராஜாவைக் கொடுப்பதா, வேறு வாங்குவதா, நாளைக்குள் நீங்களே சொல்லுங்கள்” என்றார். நாளை வரை நாங்கள் காத்திருக்கவில்லை. “வேறு வாங்குங்கள் அத்தா” என்று அந்த நொடியே சொன்னோம்.

வெள்ளிக்கிழமை விடியலில் சந்தைக்குப் போனவர் கருநிறக் கிடா ஒன்றைக் கொண்டுவந்தார். ராஜாவைவிடப் பெரியது, விலையும் கூடியது. அதைக் கொட்டகையில் கட்டினார்கள். தழை வைத்தோம், தின்னவில்லை. தண்ணீர் வைத்தோம், குடிக்கவில்லை. சாலையையே பார்த்தபடி நின்றது. எங்களில் இளையவன் அருகே போய் “வா, வா” என்றான். காது அசையவில்லை. நன்னி சொல்லிக்கொடுத்த சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். “ஆ” என்றான், “பா” என்றான். “ரா” என்றதும் அது சட்டெனத் திரும்பியது. நடந்து வந்து அவன் உள்ளங்கையில் முகத்தை வைத்தது. அப்போதுதான் அதன் கழுத்தைக் கவனித்தோம். மயிருக்குள் புதைந்திருந்த சிவப்புக் கயிறு, அதில் ஒரு சிறு மணி.

நன்னி அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “அதையும் ஒரு பிள்ளைதான் வளர்த்திருக்கும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பெருநாள் காலையில் அத்தா தம் கையாலேயே அறுத்தார். கத்தியை அது காணாதவாறு முன்பே தீட்டி வைத்திருந்தார். முதலில் தண்ணீர் காட்டினார். பிஸ்மில்லாஹ் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. இறைச்சியை மூன்று பங்காக்கி உறவினருக்கும் ஏழைகளுக்கும் உரியதைக் கொடுத்தனுப்பினார். கழற்றி வைத்த கயிற்றையும் மணியையும் எங்களிடம் தந்தார். எங்களில் இளையவன் அன்று உண்ணவில்லை. அத்தா அவனை அதட்டவில்லை. ளுஹர் முதல் அஸர் வரை அவன் பக்கத்தில் திண்ணையில் அமர்ந்து, அந்தக் கிடாவைப் பற்றியே அவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த சிட்டுக்குருவி இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். அத்தா யாரிடமிருந்து அந்தப் பழக்கத்தைக் கற்றார் என்பதும் அப்போது புரிந்தது.

குர்பானி குறித்து எங்களுக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, நம் இறையச்சமே அவனை அடைகிறது என்பதை (22:37) ஒவ்வொரு பெருநாளிலும் கேட்கிறோம். எங்களை உறுத்துவது வேறு. இப்ராஹீம் (அலை) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமானதைக் கொண்டு சோதிக்கப்பட்டார்கள். நாங்களோ எங்கள் பிரியத்தைக் கொட்டகையின் மறுபக்கம் பத்திரமாகக் கட்டிவைத்துவிட்டு, யாரோ ஒரு பிள்ளையின் பிரியத்தை விலைக்கு வாங்கினோம். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அத்தாவின் குர்பானியில் குறையேதும் இல்லை. ஆனால் எங்கள் ராஜாவுக்கு மட்டுமே கண்ணும் பெயரும் உண்டு என்று எண்ணியது எங்கள் குறை. பூமியில் நடப்பனவும் இறக்கைகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது குர்ஆன் (6:38). பெயர் வைத்தவை மட்டும் என்று அது சொல்லவில்லை.

ராஜா அதன் பிறகு ஆறு ஆண்டுகள் எங்களோடு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் வயிறு உப்பி இறந்தது. மாமரத்தடியில் புதைத்தோம்.

சாலை அகலமாகும் காலம் வந்தது. புளியமரங்கள் வெட்டப்பட்டன. எங்கள் திண்ணை, முன்னறை, வாசல் ஆகியவை அளவுக் கோட்டுக்குள் வந்தன. இழப்பீடு கிடைத்தது, கிருஷ்ணகிரி நகரில் வீடு பார்த்தோம். சாமான்களை ஏற்றும் நாளில் பாத்திரச் சத்தமும் ஆள் நடமாட்டமும் கண்டு மிரண்ட மின்னு எங்கோ ஒளிந்துகொண்டது. பரண், அடுப்படி, தோப்பு எங்கும் தேடினோம். லாரிக்காரர் அவசரப்படுத்தினார். “நாளை வந்து எடுத்துக்கொள்ளலாம்” என்று எங்களில் மூத்தவர் கூறினார். நாளை என்பது மூன்றாம் நாளாயிற்று. நாங்கள் வந்தபோது முன்சுவர் இல்லை. இரண்டு இரவுகள் இடிபாட்டின் மேல் உட்கார்ந்து ஒரு பூனை கத்திக்கொண்டிருந்ததாகத் தேநீர்க் கடைக்காரர் சொன்னார். அதன் பிறகு அதை யாரும் காணவில்லை.

பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டாள் என்ற ஹதீஸை எல்லோரும் அறிவோம். “நாம் கட்டிப்போடவில்லையே” என்று எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டோம். நன்னி அதை ஏற்கவில்லை. “அது நம் வீட்டை நம்பியிருந்தது” என்றார். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளும், ஓசூர்ப் பக்கம் போய் வருகிற ஒவ்வொருவரிடமும், “மின்னு தென்பட்டதா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்ல நாங்கள் கற்றுக்கொள்ளவேயில்லை. “பார்க்கிறோம் நன்னி” என்போம்.

அந்த வீட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவற்றுள் ஒன்று கல்தொட்டி. தூக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. இப்போது அது கிருஷ்ணகிரி வீட்டின் வாசலில் இருக்கிறது. பஜ்ருக்குப் பின் அதை நிரப்புவது எங்கள் பிள்ளைகளின் முறை. தெருநாய் குடிக்கிறது, காகம் குளிக்கிறது, சாம்பல் நிறப் பூனை ஒன்று மதிலில் அமர்ந்து தன் முறைக்குக் காத்திருக்கிறது. அதற்குப் பிள்ளைகள் என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உதுமானியர் காலத்தில் இஸ்தான்புல் பள்ளிவாசல்களின் சுவர்களிலேயே பறவைகளுக்குக் கல்லில் சிறு கூடுகள் அமைத்தார்கள். அத்தனை அழகு நமக்குக் கூடாவிட்டாலும் ஒரு தொட்டி நீர் வைக்க எவராலும் இயலும்.

இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து இரண்டு வேண்டுகோள்கள். குர்பானிப் பிராணியை எதற்காக வாங்கினோம் என்பதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லுங்கள். அதைத் தடவிக்கொடுக்கவும் அவர்களை விடுங்கள். வீடு மாறுகிறீர்களானால், சாமான் ஏற்றுவதற்கு முந்தைய இரவே பூனையை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். காற்றோட்டமான கூடையில் முதலில் அதைக் கொண்டுசெல்லுங்கள். புதிய வீட்டில் இரண்டு மூன்று வாரங்கள் வெளியே விடாதீர்கள். பூனைக்கு மனிதரைப் போலவே இடமும் சொந்தம். இது எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் நன்னியின் கேள்விக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

சிவப்புக் கயிறும் மணியும் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அதைக் கட்டிய பிள்ளைக்கும் இப்போது எங்கள் வயதுதான் இருக்கும். அந்தப் பிள்ளை எங்கிருந்தாலும் நலமாக வாழ வேண்டும் என்று துஆச் செய்கிறோம். நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட உயிர்களின் விஷயத்தில் நாம் செய்த குறைகளை வல்ல இறைவன் மன்னிப்பானாக. எங்கள் அத்தாவுக்கும் நன்னிக்கும் அவன் ரஹ்மத் செய்வானாக. ஆமீன்.