ஒரு வரிக் குறிப்பு

மூன்றாமாண்டு, இளங்கலைக் கணினி அறிவியல்

கணக்கு எழுதத் தெரியாதவன் கணினி எழுதப் போனானாம் என்று யாரேனும் என்னைப் பார்த்துச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. உண்மையைத்தானே சொல்கிறார் என்று தலை குனிந்து கொள்வேன். அந்தத் தலைகுனிவின் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலை நோக்கிச் செல்லும் சாலையில் ஒரு சிற்றூர். தென்னையே அவ்வூரின் உயிர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில் வீசிய கஜா புயல் அந்த உயிரை வேரோடு சாய்த்துவிட்டது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றி, புதுக் கன்று நட்டு, குடம் குடமாக நீர் ஊற்றி வளர்த்தார்கள். இன்று அவை காய்க்கின்றன. தனித்தனியே விற்றால் விலை படியாது என்று, அவ்வூர் உழவர்கள் சிலர் ஒன்றுகூடித் தேங்காயை மொத்தமாக விற்று வருகிறார்கள். யார் எத்தனை காய் போட்டார், அவருக்கு எவ்வளவு தொகை சேர வேண்டும் என்று கணக்கிட ஒரு நிரல் எழுதித் தருமாறு எங்களைக் கேட்டார்கள். மாணவர் நால்வர் சேர்ந்தோம். உற்சாகத்துக்குக் குறைவில்லை, ஒழுங்குக்குத்தான் குறைவு!

நால்வர் ஒரே நிரலை எழுதும்போது ஒருவர் மாற்றியதை மற்றவர் அறிய வேண்டும். அதற்கு உதவுவது 'கிட்' என்னும் மென்பொருள். மாற்றத்தைப் பதிவு செய்வதற்குக் 'கமிட்' என்று பெயர். ஒவ்வொரு கமிட்டுடனும், என்ன மாற்றினோம் என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். நாங்கள் எழுதிய குறிப்புகளைக் கேளுங்கள்: 'மாற்றம்', 'மறுபடி மாற்றம்', 'சரி', 'இப்போது சரி', 'கடைசி', 'இதுதான் கடைசி'. அந்தக் 'கடைசி'க்குப் பிறகு நாற்பது கமிட்டுகள் வந்தன!

ஒரு நாள் மாலை, ஊரார் எல்லோரும் 'அப்பாயி' என்று அழைக்கும் மூதாட்டி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். கையில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு.

"தம்பி, ஒங்க மிசினு தப்பா, எங்க நோட்டு தப்பா? பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இளமரத்துக் காய் சிறிதாக இருக்கும். இரண்டு சிறு காயை ஒரு காயாகக் கணக்கிடுவது அக்குழுவின் வழக்கம். அப்பாயி போட்டவை 180 சிறு காய்கள். அவருக்கு 90 காய்க்கு விலை வந்திருக்க வேண்டும். 60 காய்க்கே வந்திருந்தது.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அப்பாயிக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது. ஒவ்வொரு வரியும் ஒரே அமைப்பு: தேதி, எந்தத் தோப்பு, பெருங்காய் எத்தனை, சிறு காய் எத்தனை, மரம் ஏறியவர் யார், கூலி எவ்வளவு. ஒரு வரியில்கூட வரிசை மாறவில்லை. தப்பு எங்கே என்று தேட எனக்கு ஒரு நிமிடம் ஆகவில்லை. அவர் நோட்டில் தப்பே இல்லை.

எங்கள் நிரலில் தேடினோம். ஏறத்தாழ 200 கமிட்டுகள். குறிப்புகளால் ஒரு பயனும் இல்லை; 'சரி' என்பதிலிருந்து எதை அறிவது? கிட்டில் 'பைசெக்ட்' என்றொரு வழி உண்டு. வரலாற்றைப் பாதியாகப் பிரித்து, பிழை முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார்த்து, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிக் கொண்டே போக வேண்டும். எட்டாவது சோதனையில் பிழை அகப்பட்டது. ஒரு முறை வணிகர் ஒருவர், மூன்று சிறு காய்க்கு ஒரு காய்தான் கணக்கு என்று பிடிவாதம் செய்தார். அந்த ஒரு லாரிக்காக யாரோ கணக்கை மாற்றியிருக்கிறார். திரும்ப மாற்ற மறந்திருக்கிறார். குறிப்பு 'சரி'. எழுதியவர் யார்?

நான்தான்.

அப்பாயிக்கு மட்டுமன்று, அம்மாதம் சிறு காய் போட்ட அனைவருக்குமே தொகை குறைந்திருந்தது. நோட்டு வைத்திருந்தவர் அவர் ஒருவரே; ஆகையால் கேட்க வந்தவரும் அவர் ஒருவரே. நல்ல வேளையாக, பின்னர் வாங்கிய வணிகர் பழைய வழக்கப்படியே பணம் கொடுத்திருந்தார். மிகுதி பொதுக் கணக்கில் கிடந்தது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று கொடுத்து, மன்னிப்புக் கேட்டோம்.

அன்று இரவு ஒரு விதி செய்தோம். எந்தக் குறிப்பும் ஓர் அமைப்பில்தான் இருக்க வேண்டும். முதலில் நிரலின் எந்தப் பகுதி, பிறகு முக்காற்புள்ளி, பிறகு என்ன மாற்றம். ஒரு வரி விட்டு, ஏன் மாற்றம் என்ற காரணம்.

"குறிப்பு எழுதவா படிக்க வந்தோம்?" என்று நண்பன் ஒருவன் சலித்துக்கொண்டான். அவனுக்கு லினக்ஸ் கதையைச் சொன்னேன். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கியது லினக்ஸ். அதன் கருநிரலை நிர்வகிக்கவே அவர் 2005-இல் கிட்டை உருவாக்கினார். ஒருவரை ஒருவர் கண்டறியாத ஆயிரக்கணக்கானோர் அதில் எழுதுகிறார்கள். அங்கும் இதே விதிதான்: முதலில் பகுதியின் பெயர், முக்காற்புள்ளி, 70, 75 எழுத்துகளுக்குள் சுருக்கம், அதன் கீழே காரணம், இறுதியில் பொறுப்பேற்றுக் கையொப்ப வரி. நண்பன் அடங்கினான், ஆனால் பழக்கம் அடங்கவில்லை. மூன்றே நாளில் 'மாற்றம்' திரும்பி வந்தது.

எனவே கணினியையே காவல் வைத்தோம். கிட்டில் 'ஹூக்' என்னும் கொக்கி உண்டு. குறிப்பு விதிப்படி இல்லையென்றால் அது பதிவைத் திருப்பி அனுப்பிவிடும். அதில் ஒரு வேடிக்கை! சுருக்கம் 50 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம். தமிழில் எழுதிய சின்னஞ்சிறு குறிப்புகளையெல்லாம் அது நீளம் என்று தள்ளியது. 'தேங்காய்' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் மெய்யும் அதன் குறியும் தனித்தனி, ஆகவே எட்டு. பைட்டுகளாக எண்ணினால் இருபத்து நான்கு! எங்கள் காவலன் பைட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். தமிழ் எழுத்தை எண்ணும் முறையை அவனுக்குக் கற்பித்தோம்.

கொக்கி இருந்தால் அதைக் கழற்றவும் வழி இருக்கும். ஒரு சிறு கட்டளையால் அதைத் தாண்டிவிடலாம். புதிதாகப் படி எடுப்பவரின் கணினிக்கு அது தானாகச் செல்வதும் இல்லை. எனவே எல்லோருடைய பதிவும் வந்து சேரும் பொதுக் கணினியிலும் அதே சோதனையை வைத்தோம். இனித் தப்ப வழியில்லை என்று மகிழ்ந்தபோது, ஒரு குறிப்பு வந்தது: 'கணக்கு: சிறு திருத்தம்'. காரணம் என்ற இடத்தில் 'தேவைப்பட்டது' என்று இருந்தது. அமைப்பில் குறையில்லை. கொக்கி அனுமதித்துவிட்டது. ஆனால் 'சரி' என்று நான் எழுதியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சில நாள் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றேன். பலமுறை பார்த்த கல்வெட்டுகள்தாம். அன்றுதான் நின்று பார்த்தேன். தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவை கொடுத்ததையும், பிறர் கொடுத்ததையும் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டான். ஆட்சியாண்டு, கொடுத்தவர், கொடுத்த பொருள், 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுத்த நிறை என்று வரிசையாகச் செல்கிறது. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய், அதைத் தர வேண்டிய இடையரின் பெயர். மன்னன் கொடையானாலும் படைவீரர் கொடையானாலும் எழுதும் முறையில் பெரிய வேற்றுமை இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்து வந்த அறிஞர் அதைப் படித்துக் கணக்குச் சொல்ல முடிகிறதே, ஏன்? அமைப்பு ஒழுங்காக இருந்ததால் மட்டுமா? அமைப்புக்குள்ளே உண்மையான செய்தியும் இருந்ததால் அன்றோ!

திரும்பி வந்து எங்கள் விதியில் ஒன்றைச் சேர்த்தோம். ஒருவர் எழுதிய குறிப்பை, அந்த மாற்றத்தைப் பாராமல், இன்னொருவர் படிக்க வேண்டும். படித்தவருக்கு என்ன மாறியது, ஏன் மாறியது என்று விளங்கினால்தான் பதிவு ஏற்கப்படும். அமைப்பைக் கணினி பார்க்கட்டும். பொருளை மனிதன் பார்க்கட்டும். இந்தப் பிரிவினைக்குப் பிறகு நண்பனின் சலிப்பும் குறைந்தது. ஒரு மாதம் கழித்துத் தன் பழைய மாற்றத்தைத் தானே தேட நேர்ந்தபோது, "நல்ல வேளை, எழுதி வைத்தேன்" என்று அவனே சொன்னான்.

சிறு காய்க் கணக்கைத் திருத்திய கமிட்டின் குறிப்பை நானே எழுதினேன். 'தொகை: சிறு காய் இரண்டுக்கு ஒன்று என மீட்பு'. கீழே காரணம்: 'ஒரு லாரிக்காக நான் மாற்றி, திரும்ப மாற்ற மறந்தேன். தம் நோட்டைக் கொண்டு உறுப்பினர் ஒருவர் கண்டுபிடித்தார்.'

சென்ற வாரம் அவ்வூருக்குப் போயிருந்தேன். அப்பாயி திண்ணையில் அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்; பேத்தி எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "இப்ப மிசினு சரியாச் சொல்லுதா தம்பி?" என்று கேட்டார்.

"சொல்லுது அப்பாயி. ஆனாலும் நோட்டை விட்டுறாதீங்க" என்றேன்.